பிள்ளையோடு வருகிறவருக்கும் ஒரு பாய் போடுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு இருபது மாதம், கணவர் கட்டாரில். முன்பள்ளியில் மூன்று வயதுக்குப் பிறகுதான் எடுப்பார்கள். அதுவரை பிள்ளைக்கு வீட்டு முற்றத்தையும் போனையும் விட்டால் வேறு உலகம் இல்லை. அயலில் உள்ள தாய்மாரைச் சேர்த்துக் கிழமைக்கு ஒருநாள் விளையாட்டுக் குழு ஒன்று கூட்டத் தொடங்கினார்களாம். முதல் நாள் நல்ல சனம், அடுத்த முறை பாதி, அதற்கடுத்த முறை வீட்டுக்காரரும் இன்னொருவரும் மட்டும். இதற்கு அனுமதி எடுக்க வேண்டுமா, என்ன படிப்பிக்க வேண்டும், எவ்வளவு காசு தேவை, வந்தவர்கள் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்ற எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. குழுவுக்கு வருகிறவர் பிள்ளைக்காக வருகிறேன் என்றுதான் சொல்லுவார். ஆனால் அடுத்த கிழமை வருவதா விடுவதா என்பதைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் தன்னோடு யார் கதைத்தார்கள், தன் பிள்ளையை எப்படிப் பார்த்தார்கள் என்பதை வைத்து அம்மாவோ அம்மம்மாவோதான் தீர்மானிக்கிறார். பெரும்பாலான குழுக்களில் விளையாட்டுச் சாமானுக்கு மினக்கெடுவார்கள், வாசலுக்கு யாரும் மினக்கெடுவதில்லை.

புதிதாக ஒருவர் படலையடியில் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். உள்ளே இருக்கிற நாலைந்து பேரும் ஏற்கனவே தெரிந்தவர்கள், சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் சுவரோரமாக ஒரு கதிரை பார்த்து இருப்பார், பிள்ளையை மடியோடு இறுக்கிக்கொள்வார். அந்த நேரம் யாராவது அக்கறையோடுதான் கேட்பார்கள்: "இன்னும் நடக்கல்லியா?" "பிள்ள ஏன் இப்பிடி மெலிஞ்சி போய்த்து?" இந்த இரண்டு கேள்விகளாலும் திரும்பி வராமல் போன தாய்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நிறை காணாது என்று கிளினிக்கில் கேட்டு நொந்துபோனவர், அதையே இன்னொரு தரம் கேட்க உடுத்து வெளிக்கிட்டு வரமாட்டார்.

ஆகவே ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு வாசல் மட்டும்தான் வேலை என்று வையுங்கள். அவர் தேத்தண்ணி ஊற்றக்கூடாது, பாட்டுப் பாடக்கூடாது. புதியவர் வந்ததும் எழுந்து போய், பிள்ளையின் பெயரைக் கேட்டு, பிறகு கூட்டிவந்தவரின் பெயரையும் கேட்க வேண்டும். "இன்னாரின் அம்மா" என்றே வருஷக்கணக்காகக் கூப்பிடப்பட்ட ஒரு பெண்ணை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மாறும். பாய் விரிந்திருக்கிற பக்கம் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் இருக்கிறவரோடு ஒரு பொதுக் கதையைத் தொடங்கி வைத்துவிட்டுத்தான் அவர் திரும்ப வேண்டும். கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் இன்னும் நல்லது. சிரட்டை கழுவுவதோ ஓலை கிழிப்பதோ எதுவென்றாலும் சரி, வேலை செய்கிற கை இருந்தால் வாய் தானாகக் கதைக்கும். முடிந்தால் எல்லோரும் பாயிலேயே இருங்கள். முழங்கால் நோகிற ஆச்சிமாருக்கு மட்டும் கதிரை போதும். பெரியவர்கள் கதிரையில் வரிசையாக இருந்தால் அது கூட்டம் ஆகிவிடும், பிள்ளைகள் பார்க்கப்படுகிறவர்கள் ஆகிவிடுவார்கள்.

கேட்கக்கூடாத கேள்விகளும் இருக்கின்றன. பிள்ளையைப் பார்த்து "அப்பா எங்க?" என்று கேட்காதீர்கள். நம்முடைய மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பல விதமான பதில்கள் உண்டு. யுத்தம், 2004 கடல்கோள், வெளிநாட்டு வேலை, பிரிந்து போனது என்று எதுவாகவும் இருக்கலாம். அம்மா வெளிநாட்டில், அம்மம்மா வளர்க்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "இண்டைக்கு யாரோட வந்த நீங்க?" என்று கேட்டால் போதும், பிள்ளை சந்தோஷமாகக் கையைக் காட்டும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பெண்கள் ஓரிடத்தில் கிழமைக்கு ஒருநாள் கூடுவது என்றால், நம்முடைய பக்கம் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கிழமைக் கடன். குழுவாக இருத்தி, பெயர் எழுதி, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று நடந்த நுண்கடன் கூட்டங்களில் மானம் போனவர்கள் இருக்கிறார்கள். அதனால் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று தொடங்கினால் பாதிப் பேர் அதோடு வராமல் விட்டுவிடுவார்கள். பெயர்ப் பதிவு வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். கடன், சீட்டு, விற்பனை எதுவும் அந்த இடத்துக்குள் வரக்கூடாது என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

சரி, அனுமதி விஷயம். தாயோ வளர்க்கிறவரோ கூடவே இருந்து விளையாடுகிற, கட்டணம் வாங்காத ஒன்று முன்பள்ளி அல்ல. கிழக்கு மாகாணத்தில் முன்பள்ளிகளுக்கென்று தனியாக முன்பள்ளிக் கல்விப் பணியகம் இருக்கிறது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடமாக மாற்றும் எண்ணம் வந்தால் அங்கே கேட்டு உரிய பதிவோடுதான் செய்ய வேண்டும். அதுவரை "பாலர் பாடசாலை", "முன்பள்ளி" என்ற சொற்களைப் பெயர்ப் பலகையில் போடாதீர்கள், ஊரில் இருக்கிற முன்பள்ளி ஆசிரியர்களுக்கும் தேவையில்லாத மனக்கசப்பு வரும். கிராம சேவையாளருக்கும், பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கும், உங்கள் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் நேரில் போய்ச் சொல்லி வையுங்கள். மூன்றாமவர்தான் முக்கியம். எந்த வீட்டில் எத்தனை மாதப் பிள்ளை இருக்கிறது, எந்த அம்மா வெளியில் இறங்குவதே இல்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் வாயால் "போய்ப் பாருங்களேன்" என்று ஒரு சொல் வந்தால் நீங்கள் பத்து நோட்டீஸ் ஒட்டியதை விடப் பெரிது.

தாய்மார் தாங்களே கூடி நடத்துவது சரிப்பட்டு வருமா என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. இந்த முறையே தாய்மாரால் வந்ததுதான். நியூசிலாந்தில் 1941இல், ஆண்கள் யுத்தத்துக்குப் போய்விட்ட நேரம், வெலிங்டன் நகரத்துத் தாய்மார் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்து 'பிளேசென்டர்' என்பதைத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே பெற்றோர்தான் அதை நடத்துகிறார்கள். லண்டனில் பெல் டூட்டேவ் என்ற அம்மா, மகளை விட்டுவர இடம் கிடைக்காமல், அயலவரோடு சேர்ந்து தானே ஒன்றை நடத்தினார். 1961இல் அவர் கார்டியன் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தோடு அது நாடு முழுக்கப் பரவியது. நம்முடைய ஊர்களுக்கு இது இன்னும் லேசு. மட்டக்களப்புப் பக்கம் பெண் கலியாணம் முடித்தாலும் தாய் வீட்டு வளவை விட்டுத் தூரம் போவது குறைவு. அம்மம்மா, சின்னம்மா, பெரியம்மா எல்லோரும் கூப்பிடு தூரத்தில். ஆனால் அதனாலேயே வெளியூரிலிருந்து வந்து குடியிருக்கிற, சொந்தம் இல்லாத ஒருத்தி தனித்துப்போகிறாள். வங்கியிலோ பாடசாலையிலோ மாற்றம் கிடைத்து வந்தவரின் மனைவி, வாடகை வீட்டில் இருப்பவர். உங்கள் வாசல் முதலில் அவருக்குத்தான் திறக்க வேண்டும்.

என்ன படிப்பிக்க வேண்டும் என்றால், ஒன்றும் படிப்பிக்க வேண்டாம். அ, ஆ எழுதுவிக்க வேண்டாம், ஏபிசி சொல்லுவிக்க வேண்டாம். ஒரு பிள்ளை "ட்வென்டி" வரைக்கும் சொன்னால் மற்றப் பிள்ளையின் அம்மாவுக்கு அன்றிரவு நித்திரை வராது, அடுத்த கிழமை அவர் வரவும் மாட்டார். இந்த வயதில் மண், தண்ணீர், பாட்டு, ஓட்டம், ஒரு பெரியவரின் முகம், இவ்வளவும்தான் பாடம். பிள்ளை ஒரு சத்தம் போட, நீங்கள் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல, அது மறுபடி சத்தம் போட, இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு வளர்கிறது.

சாமான் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு பக்கம் ஈர மண்ணும் சிரட்டைகளும் வையுங்கள், மண்சோறு தானாகத் தொடங்கும். ஒரு அகலமான பேசினில் நாலு விரற்கடை தண்ணீர், இரண்டு ரின், ஒரு புனல். பழைய காட்போர்ட் பெட்டி, தென்னம் பாளை, மூடி போட்ட சட்டிகள், அகப்பை. மருதமுனைப் பக்கம் நெசவு வீடுகளில் தெரிந்தவர்கள் இருந்தால் துண்டுத் துணி கேளுங்கள். பல நிறத்தில் துணி இருந்தால் ஒளித்து விளையாடவும் முண்டாசு கட்டவும் முடிவே இல்லை. குரும்பட்டித் தேர், ஓலைப் பந்து, ஓலைக் காற்றாடி, பீப்பீ எல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை. படுவான்கரையில் ஒரு குழுவில், பேரனைக் கூட்டிவந்த ஆச்சி ஒருவர் வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருப்பார். ஒருநாள் யாரோ பச்சைப் பனையோலை கொண்டுவந்து போட்டார்கள். அவர் ஈர்க்கைக் கழற்றி, நாலு சார் எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக மடித்து, உள்ளே இரண்டு சின்னக் கல்லை வைத்து இறுக்கி முடித்து ஒரு கிலுகிலுப்பை செய்தார். ஆட்டிக் காட்டியதும் நடக்கத் தெரிந்ததும் தவழ்ந்ததும் எல்லாமாக அவரைச் சூழ்ந்துவிட்டன. அதற்குப் பிறகு அவர் வராத நாளில் தாய்மார் தேடிப் போய்க் கூப்பிட்டார்கள். அம்மம்மாமாருக்குச் சும்மா இருக்க இடம் கொடுத்தால் போதாது, அவர்கள் கையில் இருக்கிறதைக் கேட்டு வாங்க வேண்டும். தாலாட்டு, கும்மி, வசந்தன் ஆட்டத்துத் தாளம், முஸ்லிம் ஊர்களில் கவி என்று எத்தனையோ அவர்களிடம் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிணற்றுக்கட்டு உயரமில்லாமல் இருக்கிற வளவில் நடத்தாதீர்கள், அல்லது முதலில் மூடி போடுங்கள். பேசின் தண்ணீருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவர், எழும்பினால் தண்ணீரைக் கொட்டிவிட்டு எழும்ப வேண்டும். சின்னப் பிள்ளை ஒரு வாளித் தண்ணீரிலேயே மூழ்கிப்போகும், சத்தமும் கேட்காது. வளவில் அலரி இருக்கிறதா என்று பாருங்கள், மஞ்சள் அலரிக் கொட்டை உயிரைக் குடிக்கும். குண்டுமணி வடிவாகத்தான் இருக்கும், கடித்து விழுங்கினால் நஞ்சு. மஞ்சாடி, புளியங்கொட்டை, சோகி எல்லாம் நம்முடைய விளையாட்டுத்தான், ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வேண்டாம். ஒன்றேகால் அங்குல அகலமான குழாய்க்குள் போகிற எதுவும் தொண்டைக்குள்ளும் போகும். ரிமோட்டுக்கும் பாட்டுப் பாடும் பொம்மைக்கும் போடுகிற பொத்தான் பற்றரியை அந்த வளவுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். கச்சானும் முழுக் கடலையும் அப்படித்தான், பையில் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி வையுங்கள்.

நேரத்தைச் சின்னதாக வையுங்கள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு முடித்தால் தாய்மார் போய் உலை வைக்கலாம், வெயிலும் ஏறாது. வந்தவுடன் பாட்டு என்று இருத்தாதீர்கள். முதல் முக்கால் மணித்தியாலம் பிள்ளை விரும்பியதை விரும்பியபடி தொடட்டும். பிறகு கைகழுவி, ஏதாவது சாப்பிட்டு, கடைசியில் எல்லோரும் வட்டமாக இருந்து பாட்டு. ஒவ்வொரு நாளும் அதே பாட்டோடு முடியுங்கள். ஒரு வயதுப் பிள்ளைக்கும் அந்தப் பாட்டு வந்தால் வீட்டுக்குப் போகிறோம் என்று விளங்கும், அழுகை குறையும்.

உங்கள் மகள் வயதில் பிள்ளைகள் சேர்ந்து விளையாடமாட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் இருந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள். அது குறை அல்ல. பகிர்ந்து கொடுக்கவும் தெரியாது. "குடு, நல்ல பிள்ளையெல்லே" என்று பிடுங்கிக் கொடுத்தால் பிடுங்குவதைத்தான் பழகும். ஒரே மாதிரிச் சிரட்டை பத்து வையுங்கள், சண்டை பாதியாகும். கடிப்பது, தள்ளுவது நடக்கும். கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்குங்கள், கடித்த பிள்ளையின் அம்மாவை யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் போய் "எங்கட ஆளும் போன மாசம் இப்பிடித்தான்" என்று ஒருவர் சொன்னால் அவர் அடுத்த கிழமையும் வருவார். சில பிள்ளைகள் கிழமைக்கணக்கில் மடியை விட்டு இறங்காது. இறக்கிவிட வேண்டாம், மடியிலிருந்தே பார்க்கட்டும்.

வித்தியாசமான வளர்ச்சியுள்ள பிள்ளைகளைத் தாய்மார் ஒளித்து வைப்பது இன்னும் இருக்கிறது. அவர்களை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். குழுவில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் வந்தால், ஒன்றரை வயது தாண்டியும் ஒரு சொல்லும் வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், நீங்கள் பெயர் வைக்காதீர்கள். தனியாக, ஆறுதலாக அம்மாவிடம் "கிளினிக் அட்டையில இருக்கிற வளர்ச்சிப் பக்கத்த ஒருக்காப் பாப்பமா" என்று கேட்டு, குடும்ப நல உத்தியோகத்தரிடம் கூட்டிப் போங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக மேலே அனுப்புவார். பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால் 1929 இலக்கம் இருக்கிறது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது. அதை எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள்.

போனைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதிலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். அதே நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது. இதைத் தாய்மாருக்கு உபதேசமாகச் சொல்லாதீர்கள், போன் கொடுக்காவிட்டால் சமைக்கவே முடியாத வீடுகள் உண்டு. அந்த ஒன்றரை மணித்தியாலம் பெரியவர்களின் போன்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்தாலே போதும். மகள் கட்டாரில் இருக்கிற அப்பாவோடு வீடியோவில் கதைப்பது வேறு. அது மனிதரோடு கதைப்பது, தாராளமாகக் கதைக்கட்டும்.

காசு பெரிதாகத் தேவைப்படாது. கடல்கோளுக்குப் பிறகு நிறைய நிறுவனங்கள் வந்தன, நல்ல வேலைகளும் செய்தன. ஆனால் திட்டம் முடிந்த மாதமே நின்றுபோன எத்தனையோ விடயங்களை நாம் பார்த்தோம். காசில் தொடங்குகிறது காசோடு போகும். மாதர் சங்கக் கட்டடமோ பல்நோக்கு மண்டபமோ காலையில் பூட்டியே கிடந்தால் திறப்பைக் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முறை வையுங்கள்: வாழைப்பழம், பப்பாப்பழம், அவித்த பயறு, இலைக்கஞ்சி. எல்லா வீட்டாலும் இயலக்கூடியதாக மட்டும் வையுங்கள். ஒருவர் கேக் கொண்டுவந்தால் அடுத்த முறைக்காரர் கடன்பட வேண்டி வரும்.

பக்கத்து ஊர் முஸ்லிம் தாய்மாரும் வர விரும்பினால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. காரைதீவும் சாய்ந்தமருதும், பெரியநீலாவணையும் மருதமுனையும், ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகள் பாடசாலையிலும் தனித்தனி, விளையாட்டிலும் தனித்தனி. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவில், யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட விட்டார்கள். அது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. சின்னதுகளுக்கு இன்னும் சுகம், அவர்களுக்கு யார் யார் என்று தெரியாது, பெரியவர்கள்தான் பழக வேண்டும். வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் வளவிலோ வைக்காமல் பொது இடமாகப் பாருங்கள். நோன்பு மாதத்தில் நேரத்தைக் கேட்டு மாற்றுங்கள். சாப்பாட்டில் இறைச்சியைச் சேர்க்காவிட்டால் ஹலாலா இல்லையா என்ற பேச்சே வராது.

உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் வேலை மினக்கேடு என்று படுகிறதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவரோடு வாதாட வேண்டாம். ஒருநாள் மகளை அவரோடு அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் நில்லுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வரும், அந்த நேரம் புதிதாகத் தொடங்கினால் மழையே கலைத்துவிடும். தைப்பொங்கல் கழிந்து நிலம் காய்ந்ததும் மறுபடி கூட்டுங்கள். முன்பு வந்து நின்றுபோனவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீங்களே போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். "புதன்கிழமை ஒன்பதரைக்கு, மண்டபத்தடிக்கு வாங்க, வரக்குள்ள ரெண்டு சிரட்டையும் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.